மழை பெய்த ஒன்பதாம் நாள்

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. எந்தப் பொழுதில் எந்தப் பூ மலரும் என்பது பாட்டனுக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்த தமிழருக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கவில்லை. இங்கே மார்கழிப் பனி இல்லை. சித்திரைக்கென்று தனி வெயிலும் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே புழுக்கம், ஒரே பச்சை.

அப்படியானால் இந்த ஊர்ச் செடிகளுக்கு நாள் குறித்துக் கொடுப்பது யார்? காலண்டர் இல்லாத ஊரில் ஒரு செடி, "இன்றுதான் பூக்க வேண்டும்" என்று எப்படி முடிவு செய்கிறது? இந்தக் கேள்விக்கான விடை மார்சிலிங்கின் சாலையோர மரங்களிலேயே இருக்கிறது.

ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போகும் விருந்தாளி

மார்சிலிங், உட்லண்ட்ஸ் வட்டாரங்களில் வசிப்பவர்கள் சில காலை வேளைகளில் ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். பெருவிரைவு ரயில் நிலையத்துக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ நடக்கும் வழியில், தூங்குமூஞ்சி மரத்தின் தடித்த கிளைகளில் வெள்ளைப் பூக்கள் வரிசை வரிசையாகத் தெரியும். மெல்லிய மணமும் வரும். முந்தின நாள் அங்கே பூ இருந்த நினைவு யாருக்கும் இருக்காது. மறுநாள் காலையில் பார்த்தால் பூக்கள் வாடித் தொங்கிக்கொண்டிருக்கும்.

அது மரத்தின் பூ அன்று. மரக்கிளையில் தொற்றி வாழும் புறா ஆர்க்கிட் என்னும் செடியின் பூ. பக்கவாட்டில் பார்த்தால் சிறகு விரித்த வெள்ளைப் புறா போலவே இருப்பதால் இந்தப் பெயர். தாவரவியலார் இதை டென்ட்ரோபியம் குருமெனாட்டம் என்பர். 1799இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் சூட்டிய பெயர் அது. அந்தமான் தீவுகள், பர்மா தொடங்கி மலாயா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை பரவியுள்ள செடி இது. சிங்கப்பூரில் யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல், தானே காற்றில் வந்து வாழும் சொந்த மண்ணின் செடி.

இதன் வியப்பு அழகில் மட்டும் இல்லை. ஒரு மரத்தில் பூக்கும் அதே நாளில், அடுத்த தெருவிலும், பூங்காவிலும், அதற்கும் அப்பால் உள்ள மரங்களிலும் இது சேர்ந்தே பூக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செடிகள். சில முதியவை, சில இளையவை. சில வெயிலில், சில நிழலில். ஆனாலும் எல்லாம் ஒரே விடியலில் மலர்கின்றன. யார் மணி அடித்தது?

பூமலையில் தொடங்கிய தேடல்

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வி அறிவியலாரை உறுத்தியது. சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக 1912 முதல் 1925 வரை இருந்தவர் ஐசக் ஹென்றி பர்கில். புறா ஆர்க்கிட் பூக்கும் நாள்களைக் குறித்துவைத்து ஆராய்ந்து, 1917இல் பூமலையின் ஆய்விதழில் அதைப் பற்றி எழுதினார். பலத்த மழைக்கும் பூவுக்கும் தொடர்பு உண்டு என்பது தெளிவாகத் தெரிந்தது. மழை கொட்டிய நாளிலிருந்து எண்ணினால், ஏறக்குறைய ஒன்பதாம் நாள் பூ.

சரி, மழையில் எது வேலை செய்கிறது? வேரில் பட்ட நீரா? காற்றின் ஈரமா? இடி மின்னலா? அல்லது குளிர்ச்சியா? மழை வரும்போது இவை எல்லாமே சேர்ந்து வருகின்றன. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சோதனை தேவை.

1920களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சுத் தாவரவியலார் கோஸ்டர் அந்தச் சோதனையைச் செய்தார். மழையே இல்லாமல் செடியைக் குளிர்ச்சிக்கு உள்ளாக்கினால் அது உரிய நாளில் பூத்தது. ஆக, செடியை எழுப்பியது நீர் அன்று, வெப்பநிலையின் திடீர்ச் சரிவு. சுமார் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் சட்டென்று குறைந்தால் போதும்.

சிங்கப்பூரில் மத்தியான வெயில் 32 டிகிரியில் கொளுத்திக்கொண்டிருக்கும். வானம் கறுத்து, காற்று வீசி, மழை கொட்டும். ஒரு மணி நேரத்துக்குள் காற்று 25, 24 டிகிரிக்கு இறங்கிவிடும். அலுவலகத்திலிருந்து திரும்புபவர் "அப்பாடா, குளுகுளுவென்று இருக்கிறதே" என்கிறார். அதே நேரத்தில் மரக்கிளையில் இருக்கும் ஆர்க்கிட்டுக்கு அது உத்தரவு. ஒன்பது நாள் கணக்கு அங்கே தொடங்கிவிடுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குளிர் வந்த பிறகு செடி புதிதாக மொட்டு உண்டாக்குவதில்லை. ஒன்பது நாளில் அது முடிகிற வேலையும் இல்லை. மொட்டுகள் முன்பே உருவாகி, பூவின் உறுப்புகள் ஓரளவு வளர்ந்து, அந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. கல்யாண வீட்டில் சமையல் முடிந்து, இலை போட்டு, மாப்பிள்ளை வருகைக்காகக் காத்திருப்பதுபோல. குளிர் வந்ததும் நின்றுபோன வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது. எல்லாச் செடிகளும் ஒரே கட்டத்தில் காத்திருப்பதால், எல்லாம் ஒரே நாளில் மலர்கின்றன.

ஏன் சேர்ந்து பூக்க வேண்டும்?

சேர்ந்து பூப்பதால் செடிக்கு என்ன லாபம்? இங்கேதான் வாழ்வா சாவா என்ற விஷயம் இருக்கிறது.

புறா ஆர்க்கிட்டின் பூ ஒரே ஒரு நாள்தான் இருக்கும். அதோடு, ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் பூவில் பட்டால் விதை உண்டாவதில்லை. வேறொரு செடியிலிருந்து மகரந்தம் வர வேண்டும். அதைக் கொண்டுவருவது தேனீ. அப்படியானால் தேனீ பறக்கும் தூரத்துக்குள், அதே நாளில், இன்னொரு செடியும் பூத்திருந்தால்தான் இனம் பெருகும். திங்கட்கிழமை ஒரு செடி, வியாழக்கிழமை ஒரு செடி என்று பூத்தால் இரண்டுமே மலடு.

செடிகளால் பேசிக்கொள்ள முடியாது. ஆனால் ஒரே மழை எல்லார் தலையிலும் விழுகிறது. ஒரே குளிர் எல்லா இலையிலும் படுகிறது. அதையே பொதுக் கடிகாரமாக வைத்துக்கொண்டது இந்தச் செடி. பருவமில்லாத நாட்டில் பருவத்தை உண்டாக்கிக்கொண்ட கெட்டிக்காரத்தனம் இது.

குளிரின் மூன்று வேலைகள்

நேயர்களே, "குளிர் பட்டால் செடி பூக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் குளிர் செய்யும் வேலை ஒன்றல்ல, மூன்று. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, மேலே சொன்ன புறா ஆர்க்கிட்டின் முறை. இது மணி அடிப்பது போன்றது. சில மணி நேரக் குளிர் போதும். தயாராக இருக்கும் மொட்டுக்கு அது அழைப்பு.

இரண்டாவது, உறக்கம் கலைப்பது. ஜப்பானின் செர்ரி, இமயமலை அடிவாரத்து ஆப்பிள் ஆகியவை கோடையிலேயே மொட்டு வைத்து, குளிர்காலத்தில் உறங்குகின்றன. போதுமான மணி நேரம் குளிரில் கழிந்த பின்புதான் அந்த உறக்கம் கலையும். அதற்குப் பிறகு வரும் வெப்பத்தில் பூக்கும். பழைய ஆப்பிள் வகைகள் சிலவற்றுக்கு 7 டிகிரிக்கும் கீழே சுமார் 1,000 மணி நேரம் தேவைப்படுகிறது. ஹிமாச்சலப் பிரதேசத்தின் தாழ்வான பகுதிகளில் குளிர் குறைந்ததால், ஆப்பிள் தோட்டங்கள் மலையில் மேல்நோக்கி நகர்ந்துள்ளன. ஜப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி பூத்த நாள்களை 9ஆம் நூற்றாண்டு முதல் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்த 1,200 ஆண்டு ஏட்டில் மிகவும் முந்திப் பூத்த ஆண்டுகளில் ஒன்று 2021. அவ்வாண்டு மார்ச் 26இலேயே பூக்கள் உச்சத்தை எட்டின.

சிங்கப்பூர்ச் சாலைகளில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் மரத்தைப் பலரும் "சிங்கப்பூர் சக்குரா" என்கிறார்கள். அது செர்ரி அன்று. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த தபேபூயா மரம். அதைப் பூக்கவைப்பது பனிக்காலம் அன்று. வறண்ட நாள்களும் அவற்றைத் தொடரும் மழையும்தான். உண்மையான செர்ரியை இங்கே பார்க்க வேண்டுமானால், கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டப்பட்ட கண்ணாடி மாடத்துக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, நினைவு. இதுதான் மிக ஆழமானது. முட்டைகோஸ், கேரட், குளிர்காலக் கோதுமை போன்றவை பல வாரங்கள் தொடர்ந்து குளிரை அனுபவித்தால்தான் பூக்கும் தகுதியையே பெறுகின்றன. தேக்கா சந்தையில் முட்டைகோஸ் வாங்கும் அம்மாமார்கள் அதன் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். பூப்பதற்கு முன்பே அது குழம்புக்கு வந்துவிடுகிறது. சமவெளியில் அறுக்காமல் விட்டாலும் வழக்கமான வகைகள் பூப்பதில்லை. அதனால்தான் இந்தியாவில் முட்டைகோஸ் விதை உற்பத்திக்குக் குலு பள்ளத்தாக்கு போன்ற குளிர் மலைகளைத் தேடிப் போகிறார்கள்.

செடிக்கு மூளை கிடையாது. பிறகு எப்படி நினைவு? இங்கிலாந்தின் நார்விச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். கடுகுக் குடும்பத்துச் சின்னஞ்சிறு செடி ஒன்றில், பூப்பதைத் தடுத்து நிறுத்தும் ஒரு மரபணு இருக்கிறது. அதைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நீடிக்க நீடிக்க, ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணு ஒவ்வொன்றாக அணைக்கப்படுகிறது. வெயில் திரும்பிய பின்னும் அது அணைந்தே கிடக்கிறது. குளிர் போய்விட்டாலும் குளிரின் தடம் போவதில்லை. அப்போதுதான் வசந்தத்தில் பூ வருகிறது. இந்த ஆய்வுகளுக்காக அவருக்கு 2020இல் உல்ஃப் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்தத் தடம் விதைக்குப் போகும்போது அழிக்கப்பட்டுவிடுகிறது. அடுத்த தலைமுறைச் செடி தன் குளிரைத் தானேதான் அனுபவிக்க வேண்டும். இந்த உண்மையை மறுத்தவர் சோவியத் நாட்டின் லைசென்கோ. குளிரூட்டிய விதையின் பயன் வாரிசுகளுக்கும் போய்ச்சேரும் என்று அவர் சாதித்தார். அரசின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அவரை எதிர்த்த மாபெரும் தாவர அறிஞர் நிக்கோலாய் வாவிலோவ் 1943இல் சிறையில் மாண்டார். ஒரு செடி எப்படிப் பூக்கிறது என்ற கேள்வி உயிரையே வாங்கிய வரலாறு இது.

வீட்டு வரவேற்பறையில் ஓர் ஏமாற்றம்

இந்த அறிவு வீட்டுக்கும் உதவும். சீனப் புத்தாண்டையொட்டிக் கடைகளில் பட்டாம்பூச்சி ஆர்க்கிட் குவிந்திருக்கும். மார்சிலிங்கில் ஒரு வீவக வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். மகன் அம்மாவுக்கு ஒரு தொட்டி வாங்கி வருகிறார். இரண்டு மாதம் வீடே மணக்கோலம். பூ உதிர்ந்த பிறகு அம்மா தினமும் நீர் ஊற்றுகிறார். இலை மட்டும் வருகிறது, பூ வரவில்லை.

"என்னம்மா, இன்னுமா பூக்கல?" என்று பேத்தி கேட்கிறாள்.

"என் கை ராசி அப்படி, கண்ணு" என்கிறார் பாட்டி.

பாட்டியின் கையில் எந்தக் குறையும் இல்லை. கடைகளில் விற்கும் அந்தக் கலப்பின வகைகள் பூத்தண்டு விடுவதற்கு, நல்ல வெளிச்சத்தோடு சேர்ந்து, பல வாரங்கள் சுமார் 25 டிகிரிக்குக் கீழான காற்று வேண்டும். குளிர்ந்த இடத்தில் அல்லது குளிரூட்டிய பசுமைக் கூடத்தில் தண்டு வரவழைத்துத்தான் அவற்றை விற்பனைக்கு அனுப்புகிறார்கள். சிங்கப்பூரின் வெக்கையில் அந்த அழைப்பு வருவது அரிது. தொட்டியில் ஐஸ் கட்டி போடுவதால் காற்று குளிர்ந்துவிடாது.

எல்லாப் பூவுக்கும் குளிர் வேண்டும் என்பதில்லை. 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் குளிரைக் கேட்பதே இல்லை. நல்ல வெயில் கிடைத்தால் ஆண்டு முழுவதும் பூக்கும். மல்லிகையோ குளிருக்குப் பகை. மார்கழியில் மதுரைச் சந்தையில் மல்லிகை விலை ஏறுவதற்குப் பனியில் வரத்து குறைவதும் ஒரு காரணம். ஆகவே, ஒரு செடியை வாங்கும் முன், "இது எந்த ஊர்ச் செடி, எதைக் கேட்டுப் பூக்கும்?" என்று விசாரிப்பது நல்லது. மனிதர்களுக்கு ஊர் உண்டு, செடிக்கும் உண்டு.

பாலத்துக்கு அப்பால் ஒரு பெரிய கேள்வி

மார்சிலிங்கிலிருந்து வடக்கே பார்த்தால் ஜொகூர் நீரிணை. அதற்கப்பால் மலேசியாவின் மழைக்காடுகள். அங்கே வானளாவி நிற்கும் மெராந்தி, செராயா வகை மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, எதிர்பாராத வேளையில், பல இனங்கள் சேர்ந்து காடே பூக்கும். 1988இல் ஆஷ்டன், கிவ்னிஷ், அப்பானா ஆகிய மூவரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். இரவு வெப்பநிலை சுமார் 2 டிகிரி குறைந்து, மூன்று இரவுகளாவது அப்படியே நீடித்தால், அதுவே இந்த மரங்களுக்கு அழைப்பு என்றனர். பின்னர் நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் நடந்த ஆய்வுகள், குளிரோடு வறட்சியும் சேர வேண்டும் என்று காட்டின.

இரண்டே டிகிரி! ஏர்கண்டிஷன் ரிமோட்டில் இரண்டு முறை அழுத்துகிற வித்தியாசம். அதை நம்பி ஒரு காடு இருக்கிறது. இந்த மரங்களின் விதைகளை நெல்லைப்போலச் சேமித்து வைக்கவும் முடியாது. விழுந்த சில வாரங்களில் முளைக்காவிட்டால் செத்துவிடும். பூக்கும் ஆண்டு தவறினால் கன்றுகளும் இல்லை.

இப்போது வெப்பக் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1980இல் 26.9 டிகிரி. 2020இல் அது 28.0 டிகிரி. ஒரு டிகிரிக்கும் மேல் ஏறிவிட்டது. 2018 ஜனவரியில் பல நாள் மழை பெய்து வெப்பநிலை 22 டிகிரிக்கும் கீழே போனபோது, சிங்கப்பூரர்கள் கம்பளிச் சட்டை அணிந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தகைய குளிர்ந்த இரவுகள் மனிதருக்கு வேடிக்கை, காட்டுக்கு அழைப்பிதழ். அழைப்பிதழ் அரிதானால் என்ன ஆகும்? மலேசியக் காட்டு மரங்களின் பல ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஆய்வு, வெப்பம் கூடும்போது ஆராயப்பட்ட இனங்களில் பல இப்போதைவிடக் குறைவாகப் பூக்கும் என்று கணித்தது.

புறா ஆர்க்கிட்டின் நிலை சற்றே வேறு. அது பார்ப்பது எத்தனை டிகிரி என்பதை அன்று, எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை. இடிமழை உள்ளவரை அதன் மணி அடிக்கும். அதற்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மணி அடித்தும் பூத்த செடிக்குத் துணைச்செடி அருகில் இல்லாமல் போவதே அந்த ஆபத்து.

ஒட்டுண்ணி என்ற பழி

கிளையில் தொற்றியிருக்கும் எதைப் பார்த்தாலும் "மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி, பிடுங்கி எறியுங்கள்" என்பவர்கள் உண்டு. புறா ஆர்க்கிட் ஒட்டுண்ணி அன்று. மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறும் அது எடுப்பதில்லை. மழைநீரையும், பட்டையில் படியும் தூசு துரும்பையும் கொண்டு பிழைக்கிறது. வாடகை தராத குடித்தனக்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம், திருடர் என்று சொல்லக் கூடாது.

சிங்கப்பூரில் பதிவான சொந்த ஆர்க்கிட் இனங்கள் 200க்கும் மேல். காடு அழிந்ததால் அவற்றுள் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. நகரத்தோடு ஒத்துப்போய் இன்றும் கண்ணில் படுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் ஒன்று புறா ஆர்க்கிட். தேசியப் பூங்காக் கழகம் சில அரிய இனங்களை விதையிலிருந்து வளர்த்துச் சாலையோர மரங்களில் மீண்டும் கட்டிவைத்து வருகிறது. ஆனால் சட்டமும் கழகமும் மட்டும் போதா. வேடிக்கைக்காகப் பறிக்காத கையும், குப்பையென்று நினைக்காத மனமும் வேண்டும்.

நேயர்களே, ஒரு சிறிய வேலை உங்களுக்கு. அடுத்த முறை வெயிலைக் கிழித்துக்கொண்டு பலத்த மழை கொட்டிக் காற்று குளிரும் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நாள் காலையில், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, மரங்களை அண்ணாந்து பாருங்கள். ஒருநாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. எந்த மரத்தில் பூத்தது, எத்தனை மரங்களில் பூத்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பர்கில் பூமலையில் செய்ததும் இதுவே.

பருவம் இல்லாத ஊர் என்று பிள்ளைகள் நினைத்திருக்கும் இடத்தில் ஒரு பருவம் இருக்கிறது. அதன் நீளம் ஒரு நாள். அதைப் பார்க்கத் தவறினால் அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும்.